முழங்கால் மூட்டு இயந்திரத்தில் வரும் பழுதுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

முழங்கால் கதவுக் கீலைப் போல ஒரே அச்சில் திரும்புவதில்லை. தொடை எலும்பு கீழ்க்கால் எலும்பின் மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. அதனால் மடங்க மடங்கச் சுழல்மையம், அதாவது அந்த நொடியில் கால் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அது, இடம் மாறிக்கொண்டே போகிறது. இதை இயந்திரத்தில் கொண்டுவர எளிய வழி நான்கு பட்டை இணைப்பு. தொடைப்பக்கம் ஒரு தட்டு, கீழ்க்கால் பக்கம் ஒரு தட்டு, இரண்டையும் சேர்க்கும் முன்பட்டை, பின்பட்டை, நான்கு அச்சாணிகள். அவ்வளவுதான் சாமான்.

சாமான் குறைவு என்பதால் பழுதும் குறைவு என்று நினைக்க வேண்டாம். ரோபோ கால், காலில் கட்டும் தாங்கு சட்டம், செயற்கைக் கால், வகுப்பறை மாதிரி என்று எதைச் செய்தாலும் ஒரே சில பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. வந்ததும் பெரும்பாலானவர்கள் பட்டையின் நீளத்தை மாற்றப் போகிறார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் செய்து தகட்டை வீணாக்கினேன். நீளம் கடைசியாகத் தொட வேண்டியது. என் கைக்கு வந்த மூட்டுகளில் பாதிக்கு மேல் அச்சாணி, துளை, ஸ்டாப்பர் (மூட்டை எல்லையில் நிறுத்தும் முட்டு) என்ற மூன்றிலேயே தீர்ந்துவிட்டன.

காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக வைத்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் மூன்று சோதனைகளை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

## எல்லோரும் முதலில் செய்ய வேண்டியவை

வெறும் மூட்டுச் சோதனை. ஸ்பிரிங், ரப்பர், டேம்பர் (வேகத்தைத் தணிக்கும் பாகம்), மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தொடைத் தட்டை வைஸில் பிடித்து, கீழ்க்காலைக் கையால் மெதுவாக மடக்குங்கள். நேராக இருப்பதை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டு, எந்தக் கோணத்தில் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பழுது இப்போதும் இருந்தால் அது பட்டை, அச்சாணிகளில் இருக்கிறது. காணாமல் போனால் கழற்றி வைத்த பொருள்களில் இருக்கிறது. இந்த ஐந்து நிமிட வேலை ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நூல் சோதனை. முன்பட்டையின் இரண்டு அச்சாணி மையங்கள் வழியாக ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். பின்பட்டைக்கும் அப்படியே இன்னொரு நூல். இரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்தக் கோணத்தின் சுழல்மையம். பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வடிவமானால் வெட்டும் இடத்திலேயே இருக்கும். வெட்டிக்கொள்ளாத வடிவமானால் நூலை மேலே நீட்ட வேண்டும். பல செயற்கைக் கால் மூட்டுகளில் அது மூட்டுக்கு நன்றாக மேலே, தொடைப் பகுதிக்குள் போய்விடும். பின்னால் ஒரு தாள் ஒட்டி 0, 15, 30, 60, 90 டிகிரிகளில் புள்ளி வையுங்கள். தாளைப் பத்திரப்படுத்துங்கள், கீழே பல இடங்களில் இது தேவைப்படும்.

மையத் தூரச் சோதனை. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு துளைகளின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் வெர்னியரால் அளவெடுங்கள். பிறகு உள் ஓரத்துக்கு உள் ஓரம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத் தூரம் வந்துவிடும். துளைகளின் விட்டம் வேறுவேறாக இருந்தாலும் கணக்கு தப்பாது. வரைபடத்தை நம்பாமல் கையில் இருக்கும் பட்டையை நம்புங்கள்.

## அறிகுறி: மடங்கும்போது சிக்குகிறது

### எல்லாக் கோணத்திலும் இறுக்கமாக இருந்தால்

நட்டைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். உடனே இலகுவானால் நட்டு பட்டைகளையே நசுக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். பட்டையின் தடிமனைவிடச் சற்றே நீளமான ஒரு புஷ் (துளைக்குள் இறங்கும் குழாய்) போட்டு, நட்டின் இறுக்கம் முழுவதும் புஷ்ஷின் மேல் விழும்படி செய்யுங்கள். நட்டு தானாகத் தளராத நைலாக் வகையாக இருக்கட்டும். பட்டைகளுக்கு நடுவில் மெல்லிய வாஷர் இல்லையென்றால் அதையும் போடுங்கள்.

தளர்த்தியும் மாறவில்லையா? துளை ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பெயின்ட் அடித்த பாகமானால் துளைக்குள் பெயின்ட் புகுந்திருக்கும். முப்பரிமாண அச்சில் எடுத்த பாகத்தில் துளை சொன்ன அளவைவிடச் சிறியதாகவும், முழு வட்டமாக இல்லாமலும் வருவது வழக்கம். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் சிறியதாக எடுத்து, ரீமரால் (துளையைத் துல்லியமாகச் செதுக்கும் கருவி) சரியான அளவுக்குக் கொண்டுவருவதே நல்லது.

### ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் சிக்கினால்

முதலில் மோதல். தட்டு ஓரங்களில் மார்க்கர் மையைத் தடவி, சிக்கும் கோணத்தைப் பத்து முறை கடந்து செல்லுங்கள். மை அழிந்த இடம்தான் மோதும் இடம். அரத்தால் சரிசெய்துவிடலாம்.

மோதல் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் அச்சாணிகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாதது. நான் அதிகம் பார்த்த பழுது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நான்கு அச்சாணிகளும் ஒரே திசையைப் பார்த்தால் மட்டுமே இந்த இணைப்பு சுதந்திரமாக ஓடும். ஒன்று சற்றுச் சாய்ந்தாலும் சில கோணங்களில் பட்டை முறுக்கப்படும். சோதிக்க, துளைகளில் பொருந்தும் 150 மி.மீ. நீளமுள்ள நேரான கம்பிகளைச் செருகுங்கள். அடுத்தடுத்த கம்பிகளின் இடைவெளியை அடியில் ஒரு முறை, நுனியில் ஒரு முறை அளக்க வேண்டும். வித்தியாசம் 0.3 மி.மீ.யைத் தாண்டினால் சிக்குவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இடம் வலம் என இரண்டு ஜோடிப் பட்டைகள் உள்ள மூட்டில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிறகு மாற்றி. தனித்தனியே இரண்டும் ஓடி, சேர்த்தால் மட்டும் சிக்கினால் இரண்டு பக்கத்தின் மையத் தூரங்களும் ஒன்றாக இல்லை. இதற்கு மருந்து முன்கூட்டியே செய்ய வேண்டியது: ஜோடிப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து ஒரே தடவையில் துளையிடுவது. ஏற்கெனவே துளையிட்டாயிற்று என்றால் அவற்றைச் சேர்த்துப் பிடித்து அடுத்த அளவுக்கு ரீமர் ஓட்டி, பெரிய அச்சாணி போடலாம். ஒரு பட்டையின் ஒரு முனையில் மட்டும் கோளப் பேரிங் வைத்துச் சாய்வை அது ஏற்றுக்கொள்ளும்படி விடுவதும் உண்டு. சாய்வு 1 டிகிரியைத் தாண்டிவிட்டால் கையால் திருத்த முயல வேண்டாம். மில்லிங் இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுத்து, ஒரே பிடிப்பில் நான்கு துளைகளையும் போடச் சொல்லுங்கள்.

### பளு ஏற்றினால் மட்டும் சிக்கினால்

அச்சாணி ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு நீட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அது பளுவில் வளையும், வளைந்ததும் இணை தப்பும். இரண்டு பக்கமும் தாங்கும் கவட்டை வடிவத்துக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். அதுவும் போதவில்லையென்றால் தட்டின் தடிமனைக் கூட்டுங்கள்.

### மோட்டார் போட்டால் மட்டும் சிக்கினால்

மோட்டார் முன்பட்டையைத் திருப்புகிறது என்றால், பின்பட்டைக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாருங்கள். அது 40 டிகிரிக்கும் 140 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் நல்லது. 20, 15 என்று குறைந்தால் மோட்டாரின் விசை கீழ்க்காலைத் திருப்புவதற்குப் பதிலாக அச்சாணியை நசுக்கத்தான் போகும். பெரிய மோட்டார் வாங்கினால் அச்சாணி இன்னும் சீக்கிரம் தேயும். அடுத்த பட்டையைத் திருப்பும்படி மோட்டாரை இடம் மாற்றிப் பாருங்கள், பல சமயம் அதுவே போதும்.

## அறிகுறி: திடீரெனப் புரண்டு வேறு வடிவத்துக்குப் போகிறது

குறுக்காக இருந்த பட்டைகள் விரிந்துவிடும், அல்லது விரிந்தவை குறுக்காகும். அதற்கப்புறம் கால் முன்பக்கமாகக்கூட மடங்கும்.

எளிய காரணம், ஸ்டாப்பர் இல்லாதது அல்லது தேய்ந்தது. கோணம் எல்லை மீறாதபடி இரண்டு முனையிலும் ஸ்டாப்பர் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடுத்தது அச்சாணிகளின் ஆட்டம். தளர்ந்த மூட்டு எல்லையை எளிதாகத் தாண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் புரண்டால் நீளங்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பட்டை, இரண்டு தட்டு ஆகிய நான்கின் அச்சாணி மையத் தூரங்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டுங்கள். மற்ற இரண்டையும் தனியே கூட்டுங்கள். முதல் கூட்டல் குறைவாக இருந்தால், பாகங்களைக் கழற்றாமல் மூட்டு ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்குப் போக முடியாது. அதிகமாக இருந்தால் போக முடியும். சமமாக இருந்தால்தான் தொல்லை அதிகம்: நான்கும் ஒரே கோட்டில் படுக்கும் ஒரு நிலை வரும், அங்கிருந்து எந்தப் பக்கம் எழும் என்று சொல்லவே முடியாது. தொடங்குபவர்கள் 20, 30, 40, 50 மி.மீ. என்று முழு எண்களாக எடுப்பார்கள். கூட்டிப் பாருங்கள்: 20உம் 50உம் 70, 30உம் 40உம் 70. வசதிக்காக எடுத்த எண்கள் சரியாகப் புரளும் இடத்தில் போய் நிற்கின்றன. இந்தப் பழுதுக்கு நீளத்தை மாற்றத்தான் வேண்டும். நடுத்தரமான இரண்டில் ஒன்றை 3, 4 மி.மீ. கூட்டிவிட்டு மறுபடி நூல் சோதனை செய்யுங்கள், ஏனெனில் சுழல்மையத்தின் பாதையும் அதோடு மாறியிருக்கும்.

## அறிகுறி: பாதத்தில் ஆட்டம்

மூட்டில் கண்ணுக்கே தெரியாத ஆட்டம் பாதத்தில் பெரிதாகத் தெரியும். பட்டைகளின் இடைவெளி 30 மி.மீ., மூட்டிலிருந்து பாதம் 400 மி.மீ. என்று கொள்ளுங்கள். ஒரு துளையில் 0.1 மி.மீ. தளர்வு இருந்தால் பாதத்தில் சுமார் 1.3 மி.மீ. அசையும். நான்கு துளைகளிலும் தளர்வு சேர்ந்தால் 4, 5 மி.மீ. வரை போவது சாதாரணம்.

தொடைத் தட்டை வைஸில் பிடித்து, பாதத்தை முன்பின்னாக ஒரு முறை, இடவலமாக ஒரு முறை அசைத்துப் பாருங்கள்.

முன்பின் ஆட்டமானால் முதலில் போல்ட்டைப் பாருங்கள். துளைக்குள் இருக்கும் பகுதி மரையா, வழுவழுப்பான தண்டா? மரையாக இருந்தால் அதுவே காரணம். மரையின் முனைகள் துளையை அரத்தைப் போல ராவிவிடும். துளைக்குள் முழுவதும் வழுவழுப்பான தண்டு வரும்படி நீளமான போல்ட்டை மாற்றுங்கள். துளை ஏற்கெனவே தேய்ந்திருந்தால் பெரிதாக்கி வெண்கல புஷ் இறக்குங்கள். துளையை டிரில்லால் மட்டும் போட்டு விட்டுவிடாதீர்கள், ரீமர் ஓட்டுவது கட்டாயம்.

இடவல ஆட்டமானால் அச்சாணி குட்டையாக இருக்கிறது. பட்டைகளைப் பக்கவாட்டில் இன்னும் விலக்கி வையுங்கள். 20 மி.மீ. அகலத்தை 40 மி.மீ. ஆக்கினால் அதே தளர்வில் ஆட்டம் பாதியாகும். தளர்வைக் குறைப்பதைவிட இது மலிவு.

## அறிகுறி: நேராக நிற்கையில் பளு ஏற்றியதும் மடங்கி விழுகிறது

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். செயற்கைக் காலாக இருந்தால் ஒருவர் கீழே விழும் விஷயம் இது. எந்தத் திருத்தத்துக்குப் பிறகும் முதலில் மணல் மூட்டையைத்தான் ஏற்ற வேண்டும், மனிதரை அல்ல.

### மூட்டு முழுவதும் நேராக வருகிறதா?

ஒரு நேரான சட்டத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். 3 டிகிரி பாக்கி இருந்தாலும் பளு அதை மடக்கத் தொடங்கும். ஸ்டாப்பர் ரப்பர் தடிமனாக இருக்கிறதா, நடுவில் தூசி, மணல் மாட்டியிருக்கிறதா, நேராக்கும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டதா என்று இந்த வரிசையில் பாருங்கள். நேராக நின்றுகொண்டிருந்த மூட்டு சில மாதங்களில் விழத் தொடங்கினால் பெரும்பாலும் ரப்பர் நசுங்கி, கோணம் மாறியிருக்கும்.

### பளுக்கோடு சுழல்மையத்துக்கு எந்தப் பக்கம் போகிறது?

இடுப்பு மூட்டின் உயரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மூட்டின் பக்கவாட்டில் பாருங்கள். அந்த நூல்தான் பளுக்கோடு. நூல் சோதனையில் 0 டிகிரிக்கு வைத்த புள்ளி அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது உடல் எடையே மூட்டை நேராக்கி ஸ்டாப்பரில் அழுத்தும். புள்ளி முன்னால் வந்துவிட்டால் அதே எடை மூட்டை மடக்கும். இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் ஒரு சமயம் நிற்கும், ஒரு சமயம் விழும். "எப்போதாவதுதான் விழுகிறது" என்று வரும் புகார் பெரும்பாலும் இதுதான்.

புள்ளி முன்னால் இருந்தால் பட்டையைத் தொடாமல், மூட்டு முழுவதையும் தொடைக் குழியோடு (தொடை பொருந்தும் உறை) ஒப்பிட்டுச் சில மி.மீ. பின்னால் தள்ளிப் பாருங்கள். அல்லது பாதத்தைச் சற்று முன்னால் வையுங்கள். பட்டையைத் தொடாத இந்தச் சீரமைப்பிலேயே பாதிப் பேர் தப்பித்துவிடுவார்கள். குதிகால் உயரமான செருப்புக்கு மாறியதால்கூட இந்தக் கோடு நகர்ந்திருக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

### குதிகால் தரையைத் தொடும் நொடியில் மட்டும் விழுந்தால்

அந்த நொடியில் தரையின் எதிர்விசை குதிகாலிலிருந்து மேலே வருவதால், கோடு பின்னால் போய்விடும். சுழல்மையம் உயரமாக இருந்தால் இடுப்புத் தசையால் மூட்டைப் பிடித்துக்கொள்வது எளிது, தாழ்வாக இருந்தால் கடினம். உங்கள் புள்ளி வரைபடத்தைவிடத் தாழ்வாக வந்திருந்தால், வடிவத்தைச் சந்தேகிக்கும் முன் அச்சாணிகளின் இடத்தைச் சரிபாருங்கள். பட்டைகள் கிட்டத்தட்ட இணையாக இருக்கும்போது சிறு பிழையும் பெரிதாகிவிடும். 50 மி.மீ. நீளப் பட்டைகள், நடுவில் 7 டிகிரி கோணம், சுழல்மையம் 200 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு மேல் அச்சாணி அரை மி.மீ. விலகினாலும் சுழல்மையத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. மாறும். இதை ஒரு முறை கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் துளைகளின் துல்லியத்தில் நான் கண்டிப்பானவன் ஆனேன்.

எல்லாம் சரியாக இருந்தும் விழுந்தால் வடிவமே பொருந்தவில்லை. அணிபவர் இருக்கிறார் என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு செயற்கைக் கால் நிபுணரிடம் போங்கள். தொடைக் குழியின் பொருத்தம், இடுப்புத் தசையின் வலு, நடக்கும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான்.

## அறிகுறி: கால் முன்னே வீசும்போது முன்பாதம் தரையில் தட்டுகிறது

சாதாரண நடையில் முன்பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் மிகக் குறைந்த இடைவெளி 1, 2 செ.மீ.தான். ஆகவே சிறு தவறும் தட்டிவிடும்.

முதலில் காலின் மொத்த நீளம், பிறகு கணுக்கால் கோணம். பாதம் சற்றுக் கீழ்நோக்கித் தொங்கினாலும் இந்தப் பழுது வரும்; மூட்டின் மேல் தவறே இருக்காது. அடுத்து, மூட்டு போதுமான அளவு மடங்குகிறதா என்று பாருங்கள். நடையில் வீச்சின் நடுவே முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்குகிறது. கைப்பேசியில் பக்கவாட்டாகப் படம் எடுத்து நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். 40 டிகிரியிலேயே நின்றால் ஸ்பிரிங் வலுவாக இருக்கிறது, அல்லது உராய்வு கூடிவிட்டது.

60 டிகிரி மடங்கியும் தட்டுகிறதா? முன்பட்டையும் பின்பட்டையும் இடம் மாறியிருக்கலாம். 46 மி.மீ., 50 மி.மீ. பட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், சுத்தம் செய்து மறுபடி பூட்டும்போது எளிதில் மாறிவிடும். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு குறி பொறித்துவிடுங்கள்.

கடைசிக் காரணம் வடிவம். நல்ல நான்கு பட்டை மூட்டு மடங்கும்போது காலைச் சற்றுக் குட்டையாக்கும். தாளில் இடுப்புப் புள்ளியிலிருந்து கால்விரல் நுனி வரை 60 டிகிரியில் அளந்து, அதே உயரத்தில் ஒற்றை அச்சு மூட்டு இருந்தால் எவ்வளவு வரும் என்று வரைந்து ஒப்பிடுங்கள். உங்கள் மூட்டு குட்டையாக்கவில்லையென்றால் சுழல்மையம் தவறான திசையில் நகர்கிறது. பட்டைகளைப் புதிதாக வடிவமைக்கத்தான் வேண்டும்.

## அறிகுறி: நேராகும்போது இடிக்கிறது, அல்லது நேராகவே வரவில்லை

இடித்தால் ரப்பரை மென்மையாக்குங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், பிறகு டேம்பர். நேராக வரவில்லையென்றால் ஸ்பிரிங்கை இறுக்கும் முன் உராய்வைப் பாருங்கள். இறுக்கமான மூட்டுக்கு வலுவான ஸ்பிரிங் போட்டால் அப்புறம் மடங்காது.

## அறிகுறி: 90 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை

தட்டுகள் மோதுகின்றனவா என்று மை தடவிப் பாருங்கள். மோதலே இல்லாமல் நின்றால், நிற்கும் கோணத்தில் இரண்டு பட்டைகளும் இணையாகிவிட்டனவா என்று நூலால் பாருங்கள். இணையானதும் கீழ்க்கால் திரும்புவது நின்றுவிடும், அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. நடக்க மட்டும் போதுமென்றால் விட்டுவிடலாம். குத்தவைத்து உட்கார 130 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்கு நீளங்களை மாற்றியே ஆக வேண்டும்.

## அறிகுறி: காலில் கட்டிய சட்டம் நழுவுகிறது, தோலை உரசுகிறது

ரோபோ காலில் மூட்டு எங்கே திரும்பினாலும் கேட்க ஆளில்லை. மனிதர் காலில் கட்டியதும் உள்ளே ஒரு மூட்டு, வெளியே ஒரு மூட்டு. இரண்டும் வேறு இடங்களைச் சுற்றித் திரும்பினால் நடுவில் இருக்கும் தோல்தான் வித்தியாசத்தைச் சுமக்கும்.

வாரைக் கட்டி, சட்டத்தின் மேல் ஓரத்தில் தோலில் பேனாவால் கோடு போடுங்கள். இருபது முறை உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

சட்டம் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் வார் தளர்வு அல்லது உறையின் வடிவம் பொருந்தவில்லை. கெண்டைத் தசைக்குச் சற்று மேலே வரும் வாரை முதலில் இறுக்குங்கள், அதுதான் சட்டத்தைத் தொங்கவிடாமல் பிடிக்கிறது.

மடக்கும்போது நகர்ந்து, நீட்டும்போது பழைய இடத்துக்கே வந்தால் சுழல்மையம் பொருந்தவில்லை. வாரை எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது, வலி மட்டும் கூடும். முதலில் மூட்டின் உயரத்தைப் பாருங்கள். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் கோட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதற்குச் சுமார் 2 செ.மீ. மேலே, முன்பின் அகலத்தில் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் வைத்துத் தொடங்குங்கள். பலர் முழங்கால் சில்லின் நடுவைக் குறியாக எடுத்து மூட்டை முன்னால் வைத்துவிடுகிறார்கள். உயரம் சரியானதும் நகர்வு எவ்வளவு குறைந்தது என்று கோட்டைப் பார்த்து எழுதுங்கள்.

மடக்கும்போது சரியாக இருந்து, முழுவதும் நீட்டும் கடைசிக் கட்டத்தில் மட்டும் முறுக்கினால் அது மூட்டின் பிழை அல்ல. நேராகும் கடைசி 15, 20 டிகிரியில் கீழ்க்கால் தானாகவே சற்று வெளிப்பக்கம் திரும்புகிறது. ஒரே தளத்தில் ஓடும் நான்கு பட்டைக்கு அந்தத் திருப்பம் தெரியாது. கீழ் உறை சில டிகிரி சுழலும்படி அதன் இணைப்பில் தளர்வு கொடுங்கள். இதைக் கொடுத்ததும் அணிபவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடவல மூட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாததும் இதே முறுக்கலைக் கொடுக்கும், ஆனால் எல்லாக் கோணத்திலும் கொடுக்கும். அதற்கு மேலே சொன்ன கம்பிச் சோதனை போதும்.

சட்டத்தைக் கழற்றி அரை மணி நேரம் ஆன பிறகும் தோல் சிவப்பு மறையவில்லை, கொப்புளம் வந்திருக்கிறது, காலில் மரத்துப்போதல் இருக்கிறது, முழங்கால் வீங்கியிருக்கிறது என்றால் திருத்தம் எதுவும் செய்யாமல் அணிவதை நிறுத்துங்கள். தாங்கு சட்ட நிபுணரோ மருத்துவரோ பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்வு குறைந்திருக்கலாம் என்பதால் வலி இல்லை என்ற சொல்லை நம்பக் கூடாது. ஒவ்வொரு முறையும் தோலைக் கண்ணால் பாருங்கள்.

## அறிகுறி: திரையில் சரியாக ஓடுகிறது, கையில் ஓடவில்லை

ஜியோஜீப்ராவிலோ வேறு மென்பொருளிலோ வரைந்தது அழகாக மடங்கும், செய்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். பார்க்க வேண்டியவை:

- கோணத்தின் தொடக்கம். மருத்துவர்கள் நேரான காலை 0 டிகிரி என்பார்கள், இயந்திர வரைபடத்தில் அதே நிலை 180 டிகிரியாக இருக்கலாம். இரண்டையும் கலந்தால் எல்லாமே தலைகீழ்.
- ஒரே நீளங்களுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு, குறுக்காக ஒன்று, விரிந்ததாக ஒன்று. மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கும், நீங்கள் மற்றதைப் பூட்டியிருப்பீர்கள்.
- அச்செடுக்கும்போது அளவு சுருங்கியிருக்கலாம். மையத் தூரச் சோதனை சொல்லிவிடும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், அளவுகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். முழங்காலுக்குள் இரண்டு எலும்புகளையும் குறுக்காக இணைக்கும் சிலுவைத் தசைநார்களின் நீளத்தை, அதாவது ஏ.சி.எல்., பி.சி.எல். அளவுகளை, அப்படியே பட்டையாக வெட்டினால் முழங்கால் கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஏ.சி.எல். சராசரியாக 3 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், பி.சி.எல். இன்னும் கொஞ்சம் நீளம். ஆனால் அவை பட்டைகள் அல்ல, நார்க் கற்றைகள். மடங்கும்போது சில நார்கள் இறுகும், சில தளரும். எலும்பில் அவை ஒட்டும் இடம் புள்ளி அல்ல, ஒரு பரப்பு. ஆளுக்கு ஆள் அளவும் மாறும். அந்த எண்களைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, சுழல்மையத்தின் பாதை விரும்பியபடி வரும்வரை நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.

## அறிகுறி: கிறீச்சிடுகிறது, விரிசல் தெரிகிறது

கிறீச் ஒலி பெரும்பாலும் உலர்ந்த புஷ். எண்ணெய் தேவைப்படும் வகையா, எண்ணெய் படக்கூடாத பிளாஸ்டிக் வகையா என்று பார்த்துவிட்டு எண்ணெய் விடுங்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரே கோணத்தில் 'டிக்' என்று வந்தால் தளர்ந்த அச்சாணி.

விரிசல் வேறு விஷயம். அது பெரும்பாலும் துளையின் ஓரத்திலோ கூர்மையான உள்மூலையிலோ தொடங்கும். பட்டையில் எவ்வளவு விசை விழுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு: 700 நியூட்டன் எடை, மூட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி விழுந்தால் 70 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. 3 செ.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு பட்டைகள் அதைத் தாங்க, ஒவ்வொன்றும் 2,300 நியூட்டனுக்கு மேல் சுமக்க வேண்டும். உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம், அதுவும் ஒவ்வொரு அடியிலும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்த முப்பரிமாண அச்சுப் பாகமானால் அடுக்குகள் பிரியும் திசையில் இழுவிசை விழுகிறதா என்று பாருங்கள். பட்டையைப் படுக்கவைத்து அச்சிட்டால் வலு கூடும். ஆனால் ஆள் ஏறி நிற்கும் மூட்டுக்கு அது எப்படி அச்சிட்டாலும் போதாது.

ஒருவர் எடையைத் தாங்கும் மூட்டில் விரிசல் கண்டால் பற்றவைப்பதோ, தகடு ஒட்டுவதோ, சிறு துளை போட்டு விரிசலை நிறுத்துவதோ வேண்டாம். அந்தப் பாகத்தைக் கழற்றிவிடுங்கள். செயற்கைக் கால்களின் வலுவைச் சோதிக்க ஐ.எஸ்.ஓ. 10328 என்ற தரநிலை இருக்கிறது. அதில் மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் சோதனை 30 லட்சம் சுற்று வரை போகிறது. வீட்டு மேசையில் அதைச் செய்ய முடியாது, அதற்குரிய சோதனைக்கூடம்தான் செய்ய வேண்டும்.

கழற்றிய பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். உடைந்த முகத்தைக் கழுவாமல், உரசாமல் தாளில் சுற்றி வைத்து, அதைப் பார்க்கும் பொறியாளரிடம் கொடுங்கள். உலோகமானால், சிப்பியின் கோடுகளைப் போல வரிவரியாக வழுவழுப்பான பகுதியும் அதன் எதிரில் சொரசொரப்பான பகுதியும் இருந்தால் நாள்பட்ட களைப்பில் உடைந்தது: துளை ஓரத்தை உருட்டி, தடிமனைக் கூட்ட வேண்டும். முகம் முழுக்கச் சொரசொரப்பாக, பட்டையும் வளைந்திருந்தால் ஒரே அடியில் உடைந்தது: ஸ்டாப்பர் எங்கே விட்டுக்கொடுத்தது என்று தேட வேண்டும்.